இரண்டு ஜாய்ஸ்டிக் உள்ள பெட்டி

பெரிசாத் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது என் வீட்டு முற்றத்தில், ஆட்டுமயிரைத் தடியால் அடித்துப் பதப்படுத்திக்கொண்டிருந்த ஒரு நாளில். என் தங்கை ரகியா தெருக்கதவைத் தோளால் இடித்துத் திறந்துகொண்டு வந்தாள். தலைத்துணி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். உலான் என்கிற பெருங்காற்று வீசுகிற நாளில் எங்கள் ஊரான பலிக்சியின் தெருக்களில் நடந்து வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் வந்து சேருவார்கள்.

“அக்கா, தடிய கீழ போடு. என் சின்னவனுக்குப் பொண்ணு அமைஞ்சிடுச்சு. பேரு பெரிசாத்.”

“யார் வீட்டுப் பொண்ணு?”

“அத்பாஷி ஊரு. அப்பா பேரு செய்தகுல். மாட்டு டாக்டர்கிட்ட ஊசிப் பெட்டி தூக்கிட்டுப் போவாரே, அவரு.”

செய்தகுலை எனக்குத் தெரியாது. ஆனால் அவனுடைய அம்மாவைத் தெரியும். அவள் எங்கள் அப்பாவின் மந்தைக்கு அடுத்த மந்தைக்காரருடைய மூத்த மகள். இடது கையால் பால் கறப்பாள். அவளுடைய தம்பியைத்தான் என் நாத்தனாருக்குப் பேசிவிட்டு, பிறகு ஐந்தாவது தலைமுறையில் இரத்தம் கலக்கிறது என்று விட்டுவிட்டோம். அதை வைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணினேன். ஏழு தலைமுறைக்குள் இரத்தம் கலந்தால் எங்களில் கல்யாணம் கிடையாது; இங்கே எங்கும் கலக்கவில்லை. “பொண்ண எடு” என்றேன். ரகியா தேநீர்கூடக் குடிக்காமல் வந்த வழியே காற்றுக்குள் ஓடினாள்.

அப்படித்தான் பெரிசாத் வந்தாள். உயரமான பெண். வந்த முதல் வாரமே குழந்தைகள் காப்பகத்தில் சமையல் வேலை தேடிக்கொண்டாள். விடிவதற்குள் போய் நாற்பது பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சிவிட்டு, மூன்று மணிக்கு வீடு திரும்பி, வீட்டிலிருப்பவர்களுக்கு மாவு பிசைவாள். கையில் எப்போதும் மாவு வாசனை இருக்கும். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

மாமனார் காசிமலிக்கு எதிரே அவளுக்குப் பேச்சே கிடையாது. காலையில் அவரைக் கண்டதும் குனிந்து வணங்குவாள். அவர் முற்றத்தில் நடந்து போனால், அவர் கடந்து போகும்வரை குடத்தோடு அப்படியே நிற்பாள். பெரியவர்கள் போகிற வழியை மருமகள் குறுக்கே வெட்டக்கூடாது, அவர்களுக்கு முதுகு காட்டி உட்காரக்கூடாது, அவர்கள் பேரைச் சொல்லக்கூடாது. நானும் அப்படித்தான் இருந்தேன், ரகியாவும் அப்படித்தான் இருந்தாள். இப்போதைய பெண்கள் பலர் இதில் பாதியை விட்டுவிட்டார்கள். அத்பாஷிக்காரர்கள் விடவில்லை.

காசிமலியும் லேசான ஆள் இல்லை. முப்பத்தொரு வருஷம் சரக்கு லாரி ஓட்டியவர். பலிக்சியிலிருந்து நரின், அங்கிருந்து எல்லை, திரும்பவும் பலிக்சி. தோலோன் கணவாயில் பனியில் வழி தெரியாத நாளில், மற்ற ஓட்டுநர்கள் இவருடைய லாரியின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டு வருவார்களாம். அதை அவரே சொல்லி நூறு தடவை கேட்டிருக்கிறேன். கண்ணில் பூ விழுந்து, ஓட்டுநர் உரிமத்தைப் பறித்துக்கொண்ட பிறகு, அதைச் சொல்வதையும் நிறுத்திவிட்டார்.

இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பாலமாக இருந்தது என் தங்கைதான். மூவரும் சாப்பாடு பரப்பிய ஒரே துணிவிரிப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். “அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு, டீல உப்பு பத்தல” என்பார் காசிமலி. அந்தப் பெண் இரண்டு முழம் தள்ளித்தான் இருப்பாள். “உப்பு பத்தலையாம்” என்பாள் ரகியா. “போடறேன் அத்தே” என்பாள் பெரிசாத். “போடறாளாம்” என்பாள் ரகியா. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அவர்களுக்கு அது சிரிப்பில்லை, மரியாதை.

அந்த ரகியா இரண்டு வருஷத்துக்கு முன்னால், வசந்தத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். பெரிசாத்தின் புருஷன் தலாந்த் ரஷ்யாவில் கட்டட வேலை செய்கிறவன். அம்மாவை அடக்கம் பண்ண வந்தான், நாற்பதாம் நாள் முடித்தான், போய்விட்டான். அந்த வீட்டில் மிஞ்சியது மாமனாரும் மருமகளும், இரண்டு பிள்ளைகளும். சொல்ல வேண்டியதை வாங்கிச் சொல்ல ஆள் இல்லை.

அதன்பிறகு நான் போகிறபோதெல்லாம் பார்ப்பேன். காசிமலி அடுப்பைப் பார்த்து, “டீ இருந்தா நல்லாருக்கும்” என்பார். பெரிசாத் கெட்டிலைப் பார்த்து, “கொதிச்சிடுச்சு” என்பாள். அவர் குடிப்பார், கையை முகத்தில் தடவி ஆமீன் சொல்வார், தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். மூத்தவள் ஐதாய்க்குப் பதினான்கு வயது. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு போனோடு இருப்பாள். பதினோரு வயசு பெக்தூர், பள்ளிக்கூடம் விட்டதும் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கிற கம்ப்யூட்டர் கிளப்புக்குப் போய்விட்டு, இருட்டுகிற நேரத்தில் சிவந்த கண்ணோடு வருவான். நான்கு பேர், நான்கு அறை.

ரகியாவின் வருஷ திவசத்துக்குக் கோச்கோரிலிருந்து பெரிய மருமகள் குல்பாரா வந்தாள். காசிமலியின் மூத்த மகன் எர்கினின் பெண்டாட்டி. வாய் நீளம். கறி பங்கு வைத்துக்கொண்டே பெரிசாத்தைப் பார்த்துச் சொன்னாள்: “மாமாவ எங்க ஊருக்கு அனுப்பிடு பெரிசாத். இங்க அவர் ஓரத்துல எடுத்து வச்ச டீ சமோவார் மாதிரி இருக்காரு. நீயும் பாக்கறதில்ல, அதுவும் கொதிக்கறதில்ல.”

பெண்கள் சிரித்தார்கள். பெரிசாத்தும் சிரித்தாள். ஆனால் காசிமலி அதைக் கேட்டிருக்கிறார். விருந்து முடிந்து கை கழுவும்போது எல்லோருக்கும் பொதுவாக, “உருளக்கிழங்கு தோண்டினதும் கோச்கோருக்குப் போயிடறேன்” என்று சொல்லிவிட்டார்.

எங்கள் வழக்கத்தில் அப்பா அம்மா கடைசி மகன் வீட்டில்தான் இருப்பார்கள். சின்னவனுடைய கூரைதான் அவர்களுக்குக் கூரை. அங்கிருந்து பெரியவர் எழுந்து போனால், ஊர் முதலில் பார்ப்பது மருமகளின் முகத்தைத்தான். நான் அதை நினைத்துக்கொண்டு பெரிசாத்தைத் தேற்றப் போனேன். மாட்டுத்தொழுவத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

“ஊர் என்ன பேசும்னு எனக்குக் கவலையில்ல பெரியம்மா” என்றாள். “பதினஞ்சு வருஷமா அவரு இருமற சத்தத்துல எந்திரிக்கறேன். அவரு போயிட்டா எனக்கு யாரு இருக்கா? என் வீட்டுக்காரரு வருஷத்துக்கு ரெண்டு மாசம் வர்றாரு. எங்கப்பா போயாச்சு. இருங்கன்னு அவர்கிட்ட எப்படிக் கேக்கறது? நான் அவர்கிட்ட எதையுமே கேட்டதில்லயே.”

“நான் வேணா சொல்லட்டுமா?”

“நீங்க சொன்னா உங்களுக்காக இருப்பாரு. பத்து நாள் இருப்பாரு.”

அது சரிதான் என்று எனக்கும் பட்டது.

கோடை பாதி போனபோது தலாந்த் போன் பண்ணினான். பெக்தூர் கிளப்பே கதியாகக் கிடப்பதாக யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். பணம் அனுப்புகிறேன், விளையாடுகிற மாதிரி நல்ல கம்ப்யூட்டராக ஒன்று வாங்கி வீட்டில் வை, பையன் வீட்டிலேயே கிடப்பான் என்றான். பெரிசாத் என்னையும் கூட்டிக்கொண்டு, பையனையும் இழுத்துக்கொண்டு சந்தைக்குப் போனாள். கடைக்காரர் முப்பது வயது ஆள், தாடி வைத்தவர். அவருடைய தாத்தா எங்கள் தெருவில் செருப்புத் தைத்தவர் என்பதால் என்னை மரியாதையாக நாற்காலியில் உட்காரவைத்தார்.

“கம்ப்யூட்டரே எடுங்க அக்கா” என்றார். “படிக்கவும் ஆச்சு, விளையாடவும் ஆச்சு. படம் கண்ணாடி மாதிரி இருக்கும். உள்ள ஒரு பார்ட் பழசாச்சுன்னா அத மட்டும் மாத்திக்கலாம். விளையாட்டும் மலிவு.”

“அந்த வெள்ளைப் பெட்டி என்ன?” என்றாள் பெரிசாத்.

“அது கன்சோல். டிவியில சொருகினா ஓடும். ஆனா விளையாட்டுக்கு மட்டும்தான், வீட்டுப்பாடமெல்லாம் அதுல எழுத முடியாது. டிஸ்க்கும் விலை ஜாஸ்தி.”

“எத்தன பேர் உக்காரலாம்?”

“எதுலக்கா?”

“ரெண்டுலயும் சொல்லுங்க.”

கடைக்காரர் சிரித்தார். “கம்ப்யூட்டர்ல ஒருத்தர் உக்காரலாம். பின்னாடி நின்னு வேடிக்க பாக்கறவங்க எத்தன பேர் வேணா நிக்கலாம். கன்சோல்ல ரெண்டு ஜாய்ஸ்டிக் இருக்கு. டிவிய ரெண்டா பிரிச்சு ரெண்டு பேர் ஆடலாம்.”

“கம்ப்யூட்டரயும் டிவியில மாட்டலாம்மா! ஜாய்ஸ்டிக்கும் போடலாம்!” என்று பெக்தூர் குதித்தான்.

“மாட்டலாம்” என்றார் கடைக்காரர். நேர்மையான ஆள். “ஆனா நான் வித்ததுல ஒண்ணுகூட பெரிய ரூம்ல நிக்கலக்கா. ஒரு மாசத்துல மேசையோட பையன் ரூமுக்குப் போயிடும்.”

பெரிசாத் பையனை அங்கே ஓடிக்கொண்டிருந்த ஒரு கம்ப்யூட்டரின் முன்னால் உட்காரச் சொன்னாள். உயரமான முதுகு வைத்த நாற்காலி. அவன் காதில் பெரிய மூடியை மாட்டிக்கொண்டு ஆட ஆரம்பித்தான். அவள் வாசல் பக்கம் போய் நின்று, “பெக்தூர்!” என்று கூப்பிட்டாள். இரண்டாவது தடவை கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டாள். அவனுக்குக் கேட்கவில்லை. நாற்காலியின் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

“இவன் தலைகூடத் தெரியல பெரியம்மா” என்றாள் என்னிடம், மெதுவாக. “வீட்டுல கதவு திறந்து பெரியவர் வந்தா இதத்தான் பாப்பாரு. நான் ஒரு நாள் இதுல உக்கார முடியுமா? அவருக்கு முதுகு காட்டிட்டு?” பிறகு கடைக்காரரிடம், “வெள்ளைப் பெட்டிய கட்டுங்க. ரெண்டு ஜாய்ஸ்டிக் இருக்கில்ல? கார் ஓட்டற விளையாட்டு இருந்தா அதுல ஒண்ணு போடுங்க. மலைப்பாதையா இருக்கணும்” என்றாள்.

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்ட பிறகுதான் அவள் யாருக்காக வாங்குகிறாள் என்பது எனக்கு உறைத்தது.

பெக்தூர் வீடுவரை கல்லை உதைத்துக்கொண்டே வந்தான். தலாந்த் போனில் கத்தினான். “படிக்கறதுக்கு ஆகாத பெட்டிய வாங்கி வச்சிருக்கியே!” என்றான். “படிக்கறதுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு” என்று சொல்லி அவள் போனை என்னிடம் கொடுத்துவிட்டாள். நான் அவனிடம் ரஷ்யாவில் குளிர் எப்படி என்று விசாரித்தேன்.

பெட்டியைப் பெரிய அறையில் டிவிக்குக் கீழே வைத்தார்கள். பெட்டி ஆடுகிறவர்களுடைய பெயர் கேட்டது. ஐதாய் சிரித்துக்கொண்டே முதல் பெயராகத் தாத்தாவின் பெயரை அடித்து வைத்தாள். டிவி இரண்டாகப் பிரிந்து மேலே ஒரு சாலை, கீழே ஒரு சாலை என்று வந்தது. மேல் பாதி யாருக்கு என்று பிள்ளைகள் சண்டை போட்டார்கள்.

“மேல் பாதி பெரியவருக்கு. அவரு இல்லாதப்ப யார் வேணா எடுத்துக்குங்க” என்றாள் பெரிசாத்.

முதல் வாரம் காசிமலி எட்டிப் பார்க்கவில்லை. “வீட்டுக்குள்ள லாரி ஸ்டாண்டு வச்ச மாதிரி இருக்கு” என்று அடுப்பிடம் சொன்னார். ஆனால் அந்தச் சத்தம் அவரை விடவில்லை. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, தேநீர்க் கிண்ணத்தோடு வாசலில் நின்று பார்த்தார். பெக்தூர் ஒரு வளைவில் காரைப் பள்ளத்தில் விட்டான்.

“டேய்! எறக்கத்துல எவன்டா அப்படி பிரேக்க மிதிப்பான்? கியர எறக்குடா!”

“கியர் தானா மாறும் தாத்தா.”

“தானா மாறுதா? அப்ப நீ எதுக்கு உக்காந்திருக்க? நகரு.”

அன்றைக்கு அவருடைய விரல் ஜாய்ஸ்டிக்கில் தடுமாறியது. முதல் வளைவிலேயே பாறையில் மோதினார். இரண்டாம் நாள் ஆடுகளுக்கு நடுவில் விட்டார். டிவியை ஒட்டி உட்கார்ந்தால்தான் அவருடைய கண்ணுக்குத் தெரியும் என்பதால், பெரிசாத் பஞ்சு விரிப்பை மடித்து முன்னால் போட்டு வைத்தாள். பத்து நாளில் அவர் பேரனை ஒரு தடவை தோற்கடித்தார். அன்று அவர் போட்ட சத்தம் என் வீட்டுக்குக் கேட்டது என்று சொன்னால் பொய். ஆனால் அடுத்த வீட்டுக்குக் கேட்டது.

பையன் கிளப்பை முழுசாக விட்டுவிடவில்லை. சனிக்கிழமைகளில் போவான். அவன் போன ஒரு சனிக்கிழமையில், ஐதாயும் தோழி வீட்டுக்குப் போயிருந்தபோது, காசிமலி ஜாய்ஸ்டிக்கோடு தனியாக உட்கார்ந்திருந்தார். இன்னொன்று கம்பளத்தில் கிடந்தது. “ஆள் இல்லாம ஓட்டறது ஓட்டமா?” என்றார் டிவியிடம். நான் பெரிசாத்தை முழங்கையால் குத்தினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அறையின் வாசல் பக்கமாக, அவரைப் பார்த்த மாதிரியும் டிவியைப் பார்த்த மாதிரியும் ஒருக்களித்து உட்கார்ந்து, மற்றதை எடுத்தாள்.

அன்று காசிமலி ஜெயித்தார். மறுநாளும் ஜெயித்தார். மருமகளோடு ஆடினால் எப்போதும் அவர்தான் முதல். “அந்தப் பொண்ணு பரவாயில்ல, ஓட்டறா. கொஞ்சம் பயம்” என்று என்னிடம் சொன்னார். வீட்டில் ஒரு தனிச் சத்தம் வந்துவிட்டது. அவர் வளைவுக்கு வளைவு விளக்கம் சொல்வார். அவள் “சரி” என்பாள். அவ்வளவுதான், ஆனால் அடுப்பும் கெட்டிலும் நடுவில் இல்லை. கோச்கோர் பேச்சை யாரும் எடுக்கவில்லை. பெரிசாத் காப்பகத்திலிருந்து வேகமாக வீடு திரும்புவதை நான் பார்த்தேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. காசிமலி தொழுகைக்குப் போயிருந்தார். காப்பகத்துக்கு அன்று விடுமுறை. பெரிசாத்தும் பிள்ளைகளும் ஆடிக்கொண்டிருந்தார்கள், நான் குளிர்காலக் காலுறை பின்னிக்கொண்டிருந்தேன். மழை பிடித்ததால் அவர் சீக்கிரம் திரும்பிவிட்டார். நடையில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை.

“அம்மா மறுபடியும் முதல்!” என்று ஐதாய் கத்தினாள். “எல்லாரையும் தாண்டிட்டா! பெக்தூர் ஒரு சுத்து பின்னால!”

“தாத்தாகூட ஆடறப்ப மட்டும் அம்மா பிரேக்க அமுத்திட்டே போவா” என்றான் பெக்தூர் எரிச்சலோடு. “என்கூட ஆடறப்ப மட்டும் இப்படி.”

பெரிசாத் வாசலைப் பார்த்தாள். ஜாய்ஸ்டிக் அவள் கையிலிருந்து விழுந்தது. எழுந்து நின்றாள். டிவியில் அவளுடைய கார் தானாக ஓடிப்போய் வேலியில் மோதி நின்றது. காசிமலி ஈரத் தொப்பியைக் கழற்றி உதறினார், தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த நாள் என்னிடம் மட்டும் சொன்னார்: “எனக்கு லைசென்ஸ் இல்ல மதினி, கண்ணு இல்ல, உங்க தங்கச்சி இல்ல. அதெல்லாம் அல்லா எடுத்தது. ஒரு பொம்மப் பெட்டியில எனக்குப் பிச்ச போட ஆள் வேணுமா? தோலோன்ல எனக்குப் பின்னால நின்னவன் எல்லாம் வழி இல்லாம நின்னவன். பாவம் கெழவன்னு நின்னவன் ஒருத்தன் உண்டா?”

“அவ அப்படி நெனச்சிருக்க மாட்டா மாப்ளே.”

“வேற என்ன? அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமைக்கு எர்கின வண்டியோட வரச் சொல்லிட்டேன்.”

அதை நான் பெரிசாத்திடம் சொன்னபோது, அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. ஜாய்ஸ்டிக்குகள் இரண்டும் அந்த வாரம் முழுவதும் டிவிக்குக் கீழேயே கிடந்தன. பிள்ளைகள்கூடத் தொடவில்லை.

அந்த வாரக் கடைசியில், சனிக்கிழமை, உருளைக்கிழங்கு தோண்டினோம். காற்று இல்லாத நல்ல நாள். பெரிசாத் மண்வெட்டியால் கிளறிக்கொண்டே போனாள், பிள்ளைகள் பொறுக்கினார்கள், நான் சாக்குப் பிடித்தேன். காசிமலி முட்டிவலியால் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து, விதைக்குச் சின்னது, சமையலுக்குப் பெரிசு என்று தரம் பிரித்தார். கடைசிச் செடியும் முடிந்தது. பெரிசாத் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

“மாமா” என்றாள்.

அவரை அவள் அப்படி நேராகக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. அவரும் கேட்டதில்லை போலும். கையிலிருந்த கிழங்கை எந்தக் குவியலில் போடுவது என்று மறந்து அப்படியே வைத்திருந்தார்.

“அது பிச்சை இல்ல மாமா. நீங்க முற்றத்துல நடந்தா நான் நின்னுட்டுதான் போவேன். பதினஞ்சு வருஷமா அப்படித்தான். உங்க வழிய நான் எப்படி வெட்டிட்டுப் போறது?”

காசிமலி அவளைப் பார்த்தார். “டிவிக்குள்ள ஏதும்மா வழி? அது படம்தானே?”

“எனக்குத் தெரியுது மாமா. கைக்குத் தெரியல. உங்க வண்டி பக்கத்துல வந்ததும் தானா பிரேக்க அமுத்துது.” மண்வெட்டிப் பிடியில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் சுரண்டினாள். “பையனுக்குன்னா கம்ப்யூட்டர் வாங்கியிருப்பேன். அவரும் அதத்தான் வாங்கச் சொன்னாரு. நான் நீங்க ஆடணும்னு வாங்கினேன். நீங்க கோச்கோருக்குப் போகக்கூடாது மாமா. இதச் சொல்ல எனக்கு வேற வழி தெரியல.”

பிள்ளைகள் பொறுக்குவதை விட்டுவிட்டு வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். நான் சாக்கின் வாயைக் கட்டுவது போல் குனிந்துகொண்டேன். என் கண் நன்றாக இல்லை.

காசிமலி கையிலிருந்த கிழங்கைச் சின்னக் குவியலில் போட்டார். அது பெரிய கிழங்கு. “தண்ணி கொண்டா” என்றார். அவள் செம்பு கொண்டுவந்து அவருடைய கையில் ஊற்றினாள். மண் போகக் கழுவினார், அவள் தோளில் இருந்த துணியிலேயே துடைத்துக்கொண்டார். “உள்ள வா. எல்லாரும் வாங்க” என்றார்.

பெரிய அறையில் பெட்டியைப் போட்டார்கள். காசிமலி தன் இடத்தில் உட்கார்ந்தார், பெரிசாத் வாசல் பக்கம் உட்கார்ந்தாள். கார்கள் கோட்டில் வந்து நின்றன. அவர் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு இரண்டு உள்ளங்கையையும் விரித்தார். நாங்களும் விரித்தோம். பயணம் புறப்படுகிறவர்களுக்குப் பெரியவர்கள் சொல்கிற ஆசியை, தூரப் பயணத்துக்குச் சொல்வது போலவே முழுசாகச் சொன்னார்: “உன் வழி வெள்ளையா, நல்லதா இருக்கட்டும். முன்னால தடை இல்லாம இருக்கட்டும். யார் வழியும் உனக்குக் குறுக்க இல்ல, என் வழியும்தான். ஆமீன்.”

“ஆமீன்” என்றோம்.

முதல் சுற்றில் பெரிசாத் பின்னால்தான் போனாள். அவளுடைய கட்டைவிரல் இரண்டு தடவை பிரேக்குக்குப் போவதைப் பார்த்தேன். “அம்மா!” என்றாள் ஐதாய். “அவள விடு, தானா வரட்டும்” என்றார் காசிமலி, டிவியிலிருந்து கண்ணெடுக்காமல். இரண்டாவது சுற்றில், பாறைச் சுவருக்குப் பக்கத்தில் இருக்கிற வளைவில், கீழ்ப் பாதியில் இருந்த சிவப்புக் கார் அவருடைய காரை உரசுகிற மாதிரி வெளிப்பக்கமாக வந்து தாண்டிப்போனது.

காசிமலி அலறினார்: “ஏ பொண்ணே! ஹார்ன் அடிக்காம முந்தறியா? மலையில இப்படியா முந்துவாங்க? எவன் கத்துக்குடுத்தான் உனக்கு?”

“ஹார்னே இல்லயே மாமா!”

“இருக்கு தாத்தா, இடதுபக்கம் கீழ் பட்டன்” என்றான் பெக்தூர்.

“அப்ப அடி! நான் ஒதுங்கணுமா இல்லயா?”

அவள் அடித்தாள். தேவையே இல்லாமல், தாண்டி முடித்த பிறகும், சுற்று முடியும்வரை அடித்துக்கொண்டே போனாள். சிரிப்பில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. எட்டு வண்டி நீளம் வித்தியாசத்தில் காசிமலி தோற்றார். “டயர் சரியில்ல” என்றார்.

மறுநாள் எர்கினும் குல்பாராவும் வண்டியோடு வந்தார்கள். காசிமலி மூட்டை கட்டவில்லை. துணி எல்லாம் ஆணியிலேயே தொங்கியது. அவர் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெரிசாத், இருவருக்கும் நடுவில் இருந்த தூரம் ஒரு முழம் குறைந்து.

“இது என்ன கூத்து?” என்றாள் குல்பாரா. “மாமனாரும் மருமகளும் பொம்ம கார் ஓட்டறீங்க. அவ உங்கள முந்திட்டுப் போறா மாமா, பாக்கலயா?”

“பாக்கறேன்” என்றார் காசிமலி. “ஹார்ன் அடிச்சுட்டுதான் போறா. நீ உக்காரு, டீ குடி. இன்னும் ஒரு சுத்து இருக்கு.”

“அப்ப வரலயாப்பா?” என்றான் எர்கின்.

“கிழங்கு ரெண்டு சாக்கு கட்டி வச்சிருக்கு. அத எடுத்துட்டுப் போ.”

எர்கின் சாக்குகளை ஏற்றிக்கொண்டான். குல்பாரா போகும்போது என்னிடம், “அந்தப் பெட்டி என்ன விலையாம் பெரியம்மா?” என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

தலாந்த் குளிர்காலத்தில் வந்தான். ஐதாய்க்குப் படிக்க வேண்டும் என்று பழைய மடிக்கணினி ஒன்று வாங்கினான். அது அவள் அறையில் இருக்கிறது. வெள்ளைப் பெட்டியை அவன் ஒருநாள் எடுத்து ஆடிப் பார்த்தான். அவனுடைய அப்பா அவனை ஏழு தடவை தோற்கடித்தார். எட்டாவது தடவை பெண்டாட்டி தோற்கடித்தாள். பிறகு அவன் வசந்தத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டான்.

பெரிசாத் இப்போதும் பலிக்சியில் அதே வீட்டில் இருக்கிறாள். விடிவதற்கு முன் காப்பகத்துக்குக் கஞ்சி காய்ச்சப் போகிறாள், மூன்று மணிக்குத் திரும்பி வருகிறாள். மாமனார் அவளோடுதான் இருக்கிறார்.